கியரை அவர் மாற்றினார், ப்ரொப்பெல்லரை நீ மாற்றினாய்

அன்புள்ள ஜெபா,

இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் இடது கை நடுவிரலைத் தவிர. கதவில் மாட்டி நசுங்கிவிட்டது என்று உனக்குப் போனில் சொன்னேன். அது பொய். உண்மையைப் போனில் சொல்ல வழியில்லை. நம் வீட்டில் அடுப்பங்கரையில் நின்று பேசினால் வாசலில் இருக்கிறவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்கும். இது அவர் காதில் விழக் கூடாத பேச்சு. அதனால் ஃபேக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் மேற்பார்க்கிற லைனில் தைக்கிற பெண்கள் டிபன் டப்பாவோடு சுற்றி நின்று கிண்டல் செய்கிறார்கள். "இன்னாக்கா, லவ் லெட்டரா?" என்கிறாள் ஒருத்தி. "எம் பையனுக்குடி" என்றால், "பையனுக்கு யாருக்கா லெட்டர் எழுதுவாங்க, வாய்ஸ் மெசேஜ் போடு" என்கிறாள் இன்னொருத்தி. வாய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியாதா? இதை நீ என் வேகத்தில்தான் படித்தாக வேண்டும்.

போன ஞாயிறு சர்ச்சில் உன் ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிறு அறிவிப்பாரே, அதில் முதலாவது. திருப்பத்தூரில் ஸ்டெல்லாவின் சபையிலும் அன்றைக்கே வாசித்திருப்பார்கள். உன் பெயரும் அவள் பெயரும் சேர்ந்து மைக்கில் வந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். கடைசி பெஞ்சில், செருப்பு விடுகிற வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். நீ பழவேற்காட்டுக்குப் போனதிலிருந்து அவர் இடம் அதுதான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கு முன்பெஞ்சில நீயும் உங்கண்ணனும் உக்காந்துக்கங்க. நான் பின்னாடியே நின்னுக்கறேன்." "பெத்த அப்பா பின்னாடி நிப்பாராமா?" என்றேன். "யாருக்கும் பேஜார் வேணாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். காலையில் ஒரு முறை குளித்தவர் மறுபடியும் போனார். கல்யாணத்தில் அவர் எங்கே நிற்கப்போகிறார் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். மோட்டாரைப் பற்றி நிறைய எழுதப்போகிறேன், அதுவும் இதற்காகத்தான்.

வேலையை விட்டுவிட்டு வந்த அன்றைக்கு நீ பேசியதை நான் திரும்ப எழுத விரும்பவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன். ஃபேக்டரி மெயின்டனன்ஸ் வேலையை விட்டுவிட்டேன், கடலோரம் போட் மோட்டார் ரிப்பேருக்குப் போகிறேன் என்று நீ வந்து நின்றாய். அந்த வேலைக்காக அப்பா மானேஜரிடம் போய்க் கேட்டு நின்றவர், அவருக்குக் கோபம் வராதா? "தோல் ஊர்ல பொறந்து, தோல்ல சாப்ட்டு வளந்துட்டு, இப்போ மீன் வாடைக்குப் போறியாடா?" என்றார். கேலியும் கோபமும் பாதிப் பாதி. நீயும் கேலியாகவே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "மீன் வாடை கடல் காத்துல போய்டும்பா. உன் வாடை எதுல போச்சு? நீ ஸ்கூலுக்கு வந்தா நான் பாத்ரூம்ல போய் நின்னுக்குவேன். உன் பக்கத்துல உக்காந்து சாப்புடவே ஒரு மாதிரி இருக்கும்" என்றாய். உன் தோஸ்த் இம்ரானும் அவன் அம்மா ஷமீம் பாஜியும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு உன்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை, நீயும் பேசவில்லை.

நீ சொன்னது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தோல் பதனிடுகிற ட்ரம்களுக்கு ஃபிட்டராக இருந்தவர் மேல் அந்த வாடை இல்லாமல் என்ன இருக்கும்? எனக்கும் கல்யாணமான புதிதில் கஷ்டமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அதில் வெட்கம் வந்தால் அதை ஒரு குற்றம் என்று நான் நினைக்கமாட்டேன். வளர்ந்த பிறகு, வெளியார் எதிரில், அவரை அடிப்பதற்கென்றே அதை எடுத்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் ட்ரம் வேலையை விட்டு வருஷக்கணக்காகிறது, வாடை எப்போதோ போய்விட்டது. ஆனால் அவருக்குப் போகவில்லை. சோப்பு போட்டுப் போட்டுக் கைத் தோலெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது.

அப்புறம் நம் வீட்டில் நடந்த கூத்து உனக்கே தெரியும். இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பீர்கள். "அவன்கிட்ட சொல்லு, லுங்கி கொடில காயுதுன்னு" என்பார். "அப்பாகிட்ட சொல்லும்மா, நான் காலைல கிளம்பறேன்னு" என்பாய். நடுவில் நான் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அதிலும் நீங்கள் சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. முள்ளை எடுத்துவிட்டு மீதியைத்தான் கொடுத்தேன். அவர் உன்னை 'கடல்ராஜா' என்று சொன்னதெல்லாம் உன்னிடம் வந்து சேரவே இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே இடம் அந்தப் படகுதான், அதுவும் பேசாமலே. போன வருஷ மழையில், மலையிலிருந்து வருகிற கானாறு உடைத்துக்கொண்டு நம் தெருவுக்குள் வந்து, மாடியில் ஏறி நின்றோமே, அதற்குப் பிறகு சர்ச் வாலிபர்களும் பள்ளிவாசல் பையன்களும் சேர்ந்து, நமக்கென்று ஒரு படகு வேண்டும் என்றார்கள். நீ கடலோரத்திலிருந்து ஒரு பழைய ஃபைபர் போட்டையும் மோட்டாரையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். ஊரே சிரித்தது. பாலாற்றில் தண்ணீர் பார்க்க ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கிற ஊருக்கு மோட்டார் படகு! "சக்கரம் வெச்சுக் குடுங்கப்பா, மார்க்கெட்டுக்காவது போய்ட்டு வரலாம்" என்றார் டீக்கடைக்காரர். அப்பா சிரிக்கவில்லை. படகு இறங்கியதும் போய் அந்த மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தண்ணீருக்குள் போகிற அதன் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "அவன்கிட்ட சொல்லு, மோட்டார் நல்ல மோட்டார்" என்றார். அதை மட்டும் நான் ஒரு எழுத்து குறைக்காமல் உன்னிடம் சொன்னேன்.

பிறகு ஏரியில் விட்டுப் பார்த்த நாள். நீயும் இம்ரானும் மட்டும் போனபோது அது பறந்தது. அதே படகில் ஆட்கள் நிறைய ஏறி உட்கார்ந்ததும் மோட்டார் முக்க ஆரம்பித்தது, படகின் மூக்கைத் தூக்கவே முடியவில்லை. வலையும் இரண்டு ஆளும் மட்டும் போகிற லேசான படகுக்கு அமைத்த மோட்டார் அது, தெரு ஜனத்தை ஏற்றினால் திணறத்தான் செய்யும். கரையின் இந்தக் கோடியில் அப்பா, அந்தக் கோடியில் நீ. "அவன்கிட்ட சொல்லு, உள்ள கியர் செட்ட மாத்தணும்" என்றார் அவர். "அப்பாகிட்ட சொல்லும்மா, அதெல்லாம் வேணாம், பிட்ச் கம்மியான ப்ரொப்பெல்லர் போட்டா போதும்" என்றாய் நீ. நான் சேறு மிதித்துக்கொண்டு இரண்டு முறை நடந்தேன். "அவனுக்கு இன்னா தெரியும்" என்றார். "அவருக்கு ட்ரம்தான் தெரியும்" என்றாய். இந்த இரண்டையும் நான் கரையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இந்த கியர், பிட்ச் எல்லாம் எனக்குப் புரியாது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தையல் மிஷினில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? மோட்டாரில் சின்ன புல்லி போட்டால் ஊசி மெதுவாக இறங்கும், ஆனால் தடித்த தோலையும் குத்திக்கொண்டு போகும். அது உங்கள் கியர். ஒரு குத்துக்குத் தோல் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று ஒரு திருகு இருக்கும், தையல் நீளம். ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றுச் சுற்றினால் படகு எவ்வளவு தள்ளிப்போக வேண்டும் என்பதுதானே உங்கள் பிட்ச்? சுமை அதிகமானால் புல்லியையும் குறைக்கலாம், தையல் நீளத்தையும் குறைக்கலாம். எதைக் குறைத்தாலும் மிஷினுக்கு மூச்சு கிடைக்கும். ஆனால் இரண்டையும் ஒரே அடியாகக் குறைத்தால் என்ன ஆகும் என்று என் லைனில் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குத் தடித்த தோலில் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. மெக்கானிக் வந்து புல்லியை மாற்றிவிட்டுப் போனான். அவன் மாற்றியது தெரியாமல் அவள் தையல் நீளத்தைத் திருகிக் குறைத்துவிட்டாள். ஊசி உடையவில்லை, மிஷின் சத்தமும் அருமை. மதியம் வரை தைத்தும் பாதிக் கூடை நிறையவில்லை, தைத்த இடமெல்லாம் நெருக்கி நெருக்கி ஓட்டை விழுந்து, பிடித்து இழுத்தால் காலண்டர் தாள் மாதிரி கிழிந்து வந்தது. இரண்டு பேரும் நல்லதைத்தான் செய்தார்கள். இரண்டு பேரையும் நான்தான் திட்டினேன்.

வீட்டில் நடந்ததும் அதுவேதான். அப்பா எங்கோ சொல்லிவைத்து, அதே மோட்டாருக்கு பாரம் இழுக்கிற கியர் செட் ஒன்றை வரவழைத்திருக்கிறார். பழையதில் எஞ்சின் கிட்டத்தட்ட இரண்டு சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று, புதியதில் இரண்டரைக்கு ஒரு சுற்று. படகு நிற்கிற கொட்டகையில் உட்கார்ந்து, பல்லுக்குப் பல் இடைவெளி பார்த்து, மெல்லிய தகடு வைத்து, மூடி, ஆயில் ஊற்றினார். நான் டீ கொண்டுபோனபோது "இன்னா பண்றீங்க?" என்று கேட்டேன். "ஆயில் மாத்தறேன்" என்றார். நான் உன்னிடம் சொல்லிவிடுவேன் என்று பயம், நீ வேண்டாம் என்று சொன்னதைச் செய்கிறாரே. அடுத்து நிச்சயதார்த்தத்துக்கு நீ வந்தாய். நாங்கள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் இம்ரானைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய், பதினொன்று பிட்ச் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு எட்டு போட்டாய். "அப்பாகிட்ட சொல்லாத, கத்துவாரு" என்று அவனிடம் சத்தியம் வாங்கினாய். மூடிய கியர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து உனக்கு எப்படித் தெரியும்? உன் ப்ரொப்பெல்லரும் அதே கறுப்பு, அதே மூன்று இலை, மாறியது அவர் கண்ணிலும் படவில்லை. ஏரியில் அப்போது முழங்கால் தண்ணீர்கூட இல்லை, ஓட்டிப் பார்க்க வழியில்லை. இரண்டு பேரும் மோட்டாரைச் சரிசெய்துவிட்ட நிம்மதியில் இருந்தீர்கள்.

போன மாதம் மலைப்பக்கம் கொட்டிய மழையில் கானாறு மறுபடியும் வந்தது. விடிந்து பார்த்தால் தெருக்கோடியில் ஷமீம் பாஜி வீட்டு வாசல் தண்ணீருக்குள். பாஜிக்கு மூச்சிழுப்பு இருக்கிறது, வீட்டில் மருமகளும் கைக்குழந்தையும். இம்ரானும் அப்பாவும் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது தண்ணீர் போகிற பக்கம் போனார்கள், ஒரு குறையும் தெரியவில்லை. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது தண்ணீரை எதிர்த்து வர வேண்டும். தோல் வைக்காமல் பெடலை மிதித்தால் தையல் மிஷின் கத்துமே, மோட்டார் அப்படிக் கத்தியது. நான் சர்ச் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துகிற சத்தத்துக்குப் படகு பறந்து வந்திருக்க வேண்டும். ஆனால் தோல் கம்பெனி மதில் சுவருக்குப் பக்கத்தில் அது ஓடிக்கொண்டே நின்றது. தண்ணீர் தள்ளுகிற வேகமும் மோட்டார் தள்ளுகிற வேகமும் சரிசமம். சுவரில் ஒரு கம்பெனி விளம்பரம் எழுதியிருக்கிறது பார், அந்த முதல் எழுத்தைத் தாண்டவே இல்லை. இன்னும் முறுக்கினால் எஞ்சின் சிதறிவிடும் என்று அப்பா ஆக்சிலேட்டரைக் குறைத்தார். குறைத்ததும் படகு பின்னால் சரிந்து, குறுக்கே திரும்பி, சுவரில் மோதப் போனது. குழந்தை இருந்த பக்கம் அது. அப்பா கையை நீட்டிச் சுவரைப் பிடித்தார். படகுக்கும் சுவருக்கும் நடுவில் விரல் மாட்டியது அப்போதுதான். இம்ரான் கயிற்றை வீச, சுவர் மேல் நின்றவர்கள் பிடித்துச் சுவர் ஓரமாகவே இழுத்துக் கரை சேர்த்தார்கள். பாஜி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்து, "உன் வூட்டுக்காரர் மோட்டார வுட்டுட்டு கையாலயே கொண்டாந்து சேத்தாரும்மா" என்றார்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாது, அவர் இருக்கிற வரைக்கும் அவர் வாயால் வரவும் வராது. படகைக் கரையேற்றியதும் எல்லாரும் பாஜியைச் சுற்றி நின்றார்கள். அப்பா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நேராக மோட்டார் பக்கம் போனார், நானும் பின்னால் போனேன். ப்ரொப்பெல்லர் மேல் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தார். நடுவில் குத்தியிருக்கிற எண்ணைப் பார்த்தார். எட்டு. பிறகு பக்கத்தில் கிடந்த சாக்கை எடுத்து அதன் மேல் போட்டு மூடினார். ஏன் மூடுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். "ஜெபா எங்கியோ கெடந்த ஓட்ட மோட்டார நம்ம தலைல கட்டிட்டான்பா. இன்னிக்கு ஒரு உசுரு போய்ருக்கும்" என்றான் ஒருவன். அப்பா நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மோட்டார் நல்ல மோட்டார். கியர நான்தான் மாத்தினேன். கணக்கு தப்பாப் போச்சு. எம் பையன் மேல ஒரு தப்பும் இல்ல." ப்ரொப்பெல்லரைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ட்ரம் ஓட்டின ஆளு, போட்டுக்கு இன்னா கியர் தெரியும்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் இம்ரான் வந்து அழுதான், நீ ப்ரொப்பெல்லர் மாற்றியதை என்னிடம் சொன்னான். நான் அப்பாவிடம் கேட்டேன், அவன் மாற்றினது உங்களுக்குத் தெரியுமா என்று. "தெரியும். நல்ல வேலைதான் பண்ணிருக்கான். நான் கியர மாத்தாம இருந்திருந்தா அது கரெக்ட்" என்றார். அப்படியானால் நீங்கள் மாற்றியதுதான் தப்பா என்றேன். "அவன் ப்ரொப்பெல்லர மாத்தாம இருந்திருந்தா இதுவும் கரெக்ட்" என்றார். எனக்குச் சிரிப்பதா, இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டுவதா என்று தெரியவில்லை. நீ போன் செய்து "மோட்டார் எப்டிம்மா போச்சு?" என்று கேட்டபோது அப்பா பக்கத்தில்தான் இருந்தார். தலையை ஆட்டி, சொல்லாதே என்றார். நல்லாப் போச்சுப்பா என்றேன். அந்தப் பாவத்தைத்தான் இன்றைக்கு இறக்கி வைக்கிறேன்.

ஸ்டெல்லாவோடு குடும்பம் நடத்தப் போகிறாய், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கிற பெண், வாயைத் திறந்து பேசுகிறவள், உன்னைவிடக் கெட்டிக்காரி. வீட்டில் ஒன்று சரியில்லை என்றால் இரண்டு பேருக்கும் தெரியும். நீ ஒரு பக்கம் சரிசெய்வாய், அவள் ஒரு பக்கம் சரிசெய்வாள், அவரவர் செய்தது சரியாகவும் இருக்கும். நான் இதை மாற்றிவிட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிடு. அவள் கத்துவாள் என்று பயந்து மறைக்காதே, கத்தினால் கத்தட்டும். உன் அப்பாவும் நானும் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், சாப்பாட்டுத் தட்டெல்லாம் பறந்திருக்கிறது, ஆனால் பேசாமல் இருந்ததில்லை. பேசாமல் இருப்பதை அவர் முதல் முறையாக உன்னிடம்தான் செய்கிறார். அதனால் அவருக்கு அது சரியாக வரவும் இல்லை, நாளுக்கு நாள் இளைத்துப்போகிறார்.

கியர் பெட்டி இப்போது நம் வீட்டு முன்னறையில் செய்தித்தாள் மேல் திறந்து கிடக்கிறது. பழைய செட் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம், உன் ப்ரொப்பெல்லரும் பழைய ப்ரொப்பெல்லரும் சுவரோரம். புதிய கியரும் பதினொன்று பிட்ச்சும் போட வேண்டுமா, பழைய கியரும் உன் எட்டும் போட வேண்டுமா என்று அவரால் முடிவுக்கு வர முடியவில்லை. பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வருகிறதாம். ட்ரம் தரையில் நிற்கிறது, படகு மிதக்கிறது, அங்கேதான் அவருக்குச் சந்தேகம். அது உனக்குத்தான் தெரியும். மழைக்காலம் இன்னும் முடியவில்லை, பாஜி தினமும் வந்து எட்டிப்பார்த்து "ஆச்சா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். நேற்று அப்பா என்னிடம், "அவன்கிட்ட கேளு, எத வெச்சு மூடலாம்னு" என்றார். நான், "நீங்களே கேளுங்க. இனிமே உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒரு வார்த்தை சுமக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் போனைக் கையில் எடுத்தார், உன் நம்பரைப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இது நான் சுமக்கிற கடைசிச் சுமை, அதையும் அவருக்குத் தெரியாமல் சுமக்கிறேன்.

சாப்பாட்டு நேரம் முடிகிறது, பெண்கள் மிஷினில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்யாதே, அப்பாவுக்குச் செய். எடுத்த எடுப்பில் மன்னிப்பு கேட்காதே, அவருக்கு அது தாங்காது, என்ன சொல்வது என்று தெரியாமல் திண்டாடுவார். 'எட்டு போட்டது நான்தான்பா' என்று ஆரம்பி. கியரைப் பற்றிக் கேள், அவர் வைத்த தகட்டைப் பற்றிக் கேள், நிறையப் பேசவிடு. அந்த இன்னொரு விஷயத்தை, வாடைப் பேச்சை, எப்போது எடுப்பது, எப்படிச் சொல்வது என்று உனக்கே தெரியும், அதை நான் சொல்லித்தர மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஜெபா. கல்யாணத்தன்று அவர் முன்பெஞ்சில் இல்லையென்றால் நானும் அதில் உட்காரமாட்டேன். பட்டுப்புடவையோடு கடைசிக்குப் போய், அவரை ஒட்டிக்கொண்டு நிற்பேன். மாமா மட்டும் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கட்டும், ஊர் கேட்டால் நீ பதில் சொல்லிக்கொள்.

அம்மா